வாசகர் கேள்வி – பதில்: தாளில் படிப்பதா, திரையில் படிப்பதா?

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, “மறுபடியும் எடுத்துப் படிக்க வேண்டியிருக்கும் என்று தோன்றும் நூலை நான் தாளில்தான் வாங்குகிறேன்” என்று குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வருமென்று நான் நினைக்கவில்லை. சிலர் ஆமோதித்திருக்கிறார்கள், சிலர் வருத்தப்பட்டிருக்கிறார்கள், வேளச்சேரி வாசகர் ஒருவர் கோபித்துக்கொண்டே எழுதியிருக்கிறார். ஆகவே இந்த மாதம் இந்தப் பகுதி முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

நான் பணி ஓய்வு பெற்றுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த ஏறத்தாழ 1,800 நூல்கள் வீட்டில் இருக்கின்றன. அடுத்த மாதம் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்கக வீட்டுக்குக் குடிபோகிறோம். “எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டு ஒரு கிண்டில் வாங்கிக்கொள்ளுங்கள், இதைவிட அதிகமான நூல்கள் அதற்குள் அடங்கிவிடும்” என்கிறான் மகன். அவன் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது, ஆனாலும் மனம் ஒப்பவில்லை. என்ன செய்யட்டும்?
– வாசகர், மேற்கு மாம்பலம்

ஐயா, இடத்தைப் பற்றித் தங்கள் மகன் போட்ட கணக்கில் பிழையில்லை. ஒரு நூலுக்குச் சராசரியாக இரண்டு சென்டிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால்கூட, 1,800 நூல்களுக்கு 36 மீட்டர் நீளத்துக்குத் தட்டு வேண்டும். மூன்றடி அகலமும் ஆறு தட்டுகளும் கொண்ட அலமாரிகள் ஏழு இல்லாமல் அவற்றை நிறுத்தி வைக்க முடியாது. இரண்டு படுக்கையறை வீட்டில் ஏழு அலமாரி என்பது வீட்டிலுள்ள மற்றவர்களின் இடத்தையும் எடுத்துக்கொள்ளும் விஷயம் என்பதால், அவருடைய கவலையைத் தாங்கள் தள்ளிவிடக் கூடாது.

ஆனால் “வாங்கிக்கொள்ளுங்கள்” என்று அவர் சொல்லும் இடத்தில்தான் எனக்குத் தயக்கம். அமேசான் நிறுவனத்தின் கிண்டில் கடையில் பணம் கட்டிப் பெறும் நூல் நமக்கு விற்கப்படுவதில்லை. படித்துக்கொள்ளும் உரிமம் மட்டுமே நமக்கு வழங்கப்படுகிறது என்பதை அந்நிறுவனத்தின் விதிமுறைகளே சொல்கின்றன. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்கள், காசு கொடுத்துப் பெற்றவர்களின் கருவிகளிலிருந்து அவர்களைக் கேட்காமலேயே அழிக்கப்பட்டன. விற்றவருக்கு அந்தப் பதிப்பை விற்கும் உரிமை இல்லை என்பது பிறகு சொல்லப்பட்ட காரணம். பணம் திரும்பக் கிடைத்தது, நிறுவனமும் மன்னிப்புக் கேட்டது. இருந்தாலும், நம் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு நூலை எங்கோ இருக்கும் ஒருவர் இரவோடு இரவாக எடுத்துச் செல்ல முடியும் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. 2019-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் மின்னூல் கடையை மூடியபோது அங்கே வாங்கப்பட்ட நூல்கள் அனைத்தும் மறைந்தன. அப்போதும் பணம் திரும்ப வந்தது, நூல் வரவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தாங்கள் நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்தவற்றில் கணிசமான பகுதி மின்னூலாக வந்தே இருக்காது. கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் முறையாக இடம்பெறத் தொடங்கியது 2016 டிசம்பரில்தான். அதற்கு முன்பே பதிப்பு நின்றுபோன சிறு பதிப்பக நூல்கள், கல்லூரி ஆண்டு மலர்கள், கோயில் தலவரலாறுகள், ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் கைக்காசைப் போட்டு அச்சிட்ட சிறுநூல் போன்றவற்றை எடைக்குப் போட்டால் அவற்றைத் திரும்பப் பெற வழியே கிடையாது.

எனவே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள் என்றோ, எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள் என்றோ நான் சொல்லப்போவதில்லை. ஒரு வாரம் ஒதுக்கி, ஒவ்வொரு நூலையும் கையில் எடுத்துப் பாருங்கள். தேடிப் பார்ப்பதற்கு மட்டும் பயன்பட்ட நூல்களை முதலில் பிரித்துவிடலாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியை நான் இப்போது திரையில்தான் புரட்டுகிறேன். சிகாகோ பல்கலைக்கழகம் அதை இணையத்தில் சொல் தேடும் வசதியுடன் வைத்திருக்கிறது. கனமான தொகுதியைத் தூக்கி மேசைமேல் வைத்துத் தேடியதைவிட இது விரைவாக முடிகிறது. ஒரே மூச்சில் படித்து முடித்த, இனி எடுக்கப்போவதில்லை என்று தங்களுக்கே தெரிந்த நாவல்களையும் பிரித்து வைத்துவிடலாம். தங்கள் கையெழுத்தும் கோடுகளும் உள்ள நூலை மட்டும் எவர் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் தகப்பனார் வைத்துவிட்டுப் போன நூல்களில் ஒன்று இதை எழுதும்போது என் மேசைமேல் இருக்கிறது. முதல் தாளின் மூலையில் நீல மையில் “மூர் மார்க்கெட், 9.3.1974, ரூ. 2.50” என்று எழுதியிருக்கிறார். நூலின் நடுவே ஒரு பல்லவன் பேருந்துச் சீட்டு, மடிப்பு விழுந்து பழுப்பேறிக் கிடக்கிறது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பத்திக்குப் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் “இல்லை” என்று ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறார். அந்தப் பத்தியில் அவருக்கு எது உடன்பாடில்லாமல் போயிற்று என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த நூல் எனக்கு அவரோடு பேசும் ஓர் இடமாகவே ஆகிவிட்டது. மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோயிற்று, பல்லவன் என்ற பெயரும் பேருந்துகளிலிருந்து போய்விட்டது, அந்தச் சீட்டு இருக்கிறது.

பிரித்து வைத்தவற்றை எடைக்குப் போடுவதற்கு முன்பு இரண்டு இடங்களை நினைத்துப் பாருங்கள். மிகப் பழையவையும் அரியவையும் இருந்தால், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் பட்டியல் அனுப்பி, தேவைப்படுமா என்று கேளுங்கள். மற்றவற்றுக்குத் தங்கள் பகுதிக் கிளை நூலகத்தை அணுகலாம். 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறையே ஓர் அரங்கு அமைத்து, சிறைவாசிகள் படிப்பதற்காக வாசகர்களிடம் நூல்களைப் பெற்றுக்கொண்டது. ஜனவரி வரை பொறுக்க முடியுமானால் அங்கே அப்படி ஓர் அரங்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

கிண்டிலையும் வாங்கிக்கொள்ளுங்கள். புதிய வீட்டில் அதற்கும் வேலை இருக்கும்.

குரூப் 2 தேர்வுக்குப் படித்துவருகிறேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பாடநூல்கள் அனைத்தையும் பிடிஎஃப் வடிவில் கைபேசியில் வைத்திருக்கிறேன். மின்சார ரயிலில் போக வர அவற்றைத்தான் படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது, மாதிரித் தேர்வில் உட்கார்ந்தால் பாதி நினைவுக்கு வருவதில்லை. கோளாறு என்னிடமா, கைபேசியிடமா?
– வாசகி, ஆவடி

உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை அம்மா. “படிக்கும்போது எல்லாம் புரிகிறது” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம்தான் கவனிக்கத் தக்கது. திரையில் படிப்பவர்கள் தமக்கு எவ்வளவு புரிந்தது என்பதை உள்ளதைவிடக் கூடுதலாக மதிப்பிட்டுக்கொள்கிறார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்பட்டிருக்கிறது. கைபேசியில் செய்தியையும் அரட்டையையும் மேலோட்டமாகப் பார்த்துப் பழகிய கண், பாடத்தையும் அதே வேகத்தில் பார்த்துவிட்டு, முடிந்தது என்று கணக்குக் காட்டிவிடுகிறது.

ஸ்பெயினையும் இஸ்ரேலையும் சேர்ந்த ஆய்வாளர்கள், 2000 முதல் 2017 வரை வெளியான 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2018-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் மொத்தம் 1,70,000-க்கும் மேற்பட்டோர். அதே பகுதியைத் தாளில் படித்தவர்களுக்கே புரிதல் சற்று மேலாக இருந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. வேறுபாடு பெரிதன்று, ஆனால் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் இரண்டு செய்திகள் அதில் இருக்கின்றன. கதையைப் படிக்கும்போது தாளுக்கும் திரைக்கும் வேறுபாடு தென்படவில்லை. தகவல்கள் நிறைந்த பாடத்தைப் படிக்கும்போதுதான் தென்பட்டது. நேரத்தைக் குறித்துவைத்துப் படிக்கச் சொன்னபோது அந்த வேறுபாடு கூடியது. தகவல் மிகுந்த பாடமும் நேர நெருக்கடியும் சேர்ந்ததுதானே உங்கள் தேர்வு! பிள்ளைகள் திரைக்குப் பழகப் பழக இந்த வேறுபாடு குறையும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அந்த 18 ஆண்டுகளில் அது கூடியதே தவிரக் குறையவில்லை என்பதையும் அக்கட்டுரை காட்டியது. நார்வேயில் 72 பத்தாம் வகுப்பு மாணவர்களை வைத்து நடத்தி 2013-இல் வெளியான ஆய்விலும், பிடிஎஃப் ஆகப் படித்தவர்களைவிட அச்சில் படித்தவர்களே மேலாக விடை எழுதினார்கள்.

இதற்கு ஒரு காரணம் நம் அனுபவத்திலேயே இருக்கிறது. “சங்கம் மருவிய காலம் பற்றிய அந்த அட்டவணை, இடப்பக்கத்தில், கீழே, ஒரு படத்துக்குப் பக்கத்தில் இருந்தது” என்று நினைவுக்கு வந்தவுடன் அட்டவணையில் உள்ளதும் பின்னாலேயே வரும். கைபேசியில் அந்த அட்டவணைக்கு இடமே கிடையாது. விரலால் தள்ளிய எல்லாமே திரையின் நடுவில் வந்து, அதே வழியில் மேலே போய்விடுகின்றன. மேலும், பாடநூல் பக்கம் ஆறு அங்குலத் திரைக்காக அமைக்கப்பட்டதன்று. ஒரு வரியைப் படிக்கவே பெரிதாக்கி, வலப்புறம் நகர்த்தி, மறுபடி இடப்புறம் வர வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பில் மனத்தின் ஒரு பங்கு செலவாகிவிடுகிறது.

எல்லா நூல்களையும் வாங்கச் சொல்லவில்லை, செலவு எனக்குத் தெரியும். முக்கியமான வரலாறு, தமிழ், அரசியலமைப்புப் பகுதிகளுக்கு மட்டும் அச்சிட்ட பாடநூலையே வாங்கிவிடுங்கள். அக்கா, அண்ணன் வீட்டில் பழைய பாடநூல் இருந்தால் கேட்டு வாங்குங்கள்; பாடத்திட்டம் மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைப் பாடம் பாடமாக ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொள்ளலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. உங்களைப் போலவே தேர்வுக்குப் படிப்பவர்கள் நிறையப் பேர் அங்கே இருப்பார்கள், அந்தச் சூழலும் உதவும். ரயிலில் கைபேசியை விட்டுவிட வேண்டாம்: முதல் நாள் தாளில் படித்ததிலிருந்து நீங்களே கேள்விகள் எழுதி, படமெடுத்து வைத்துக்கொண்டு, பயணத்தில் விடை சொல்லிப் பாருங்கள். ஆவடியிலிருந்து சென்ட்ரல் வந்து சேர்வதற்குள் நாற்பது கேள்வி பார்த்துவிடலாம்.

இரவில் படுக்கையில் கைபேசியில் நாவல் படித்தால் தூக்கம் கெடும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், இராயபுரம்

ஓரளவு உண்மை. அமெரிக்காவில் 12 பேரை வைத்து நடத்தி 2015-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், படுக்கப்போகும் முன் ஒளிரும் திரையில் படித்த நாள்களில், அச்சு நூல் படித்த நாள்களைவிடத் தூங்கச் சுமார் பத்து நிமிடம் தாமதமானது. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பும் குறைந்தது. ஆனால் அவர்கள் படித்தது நாள்தோறும் நான்கு மணி நேரம், முழு வெளிச்சத்தில். வெளிச்சத்தைக் குறைத்து அரை மணி நேரம் நாவல் படிப்பதை அதனோடு ஒப்பிட வேண்டியதில்லை. நாவலுக்கு நடுவே வந்து விழும் புலனச் (வாட்ஸ்அப்) செய்திகள்தான் உங்கள் தூக்கத்தை அதிகம் கெடுக்கும்.

அம்மாவுக்கு வயது 76. வார இதழ்களும் தொடர்கதைகளுமே அவருடைய உலகம். இரண்டு கண்ணிலும் புரை அறுவை முடிந்தும், விழித்திரை பாதிப்பால் சிறிய எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. “அச்சு நூல்தான் நூல்” என்று நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டியபோது அவர் பேசாமல் இருந்துவிட்டார். அவருக்கு என்ன வாங்கித் தரலாம்?
– வாசகி, பெரம்பூர்

நான் எழுதிய சொற்கள் அவை அல்ல என்றாலும், தங்கள் தாயார் காதில் அப்படி விழும்படி எழுதிவிட்டேன். அதற்காக அவரிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள். அவருக்குத் தாள்தான் இன்று அடைத்துக் கிடக்கும் கதவு. அதைத் திறக்கத் திரையால் முடியும், திறந்தே ஆக வேண்டும்.

இரண்டு வகைக் கருவிகள் உண்டு. கிண்டில் போன்றவற்றில் இருப்பது மின்மைத் (இ-இங்க்) திரை. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அளவிலான குமிழ்களில் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் இருக்கின்றன. மின்சாரம் அவற்றை மேலும் கீழும் தள்ளி எழுத்தை உருவாக்குகிறது. பக்கம் புரட்டும்போது மட்டுமே மின்சாரம் செலவாவதால் ஒரு முறை மின்னேற்றினால் பல நாள்கள் தாங்கும். ஓரத்திலுள்ள சிறு விளக்குகள் பக்கத்தின்மேல்தான் வெளிச்சத்தைப் பரப்பும், கண்ணை நோக்கி அடிக்காது. தாளைப் போலவே வெளி வெளிச்சத்தில் படிக்கலாம் என்பதால் கண் கூசாது. கைபேசியும் டேப்லெட்டும் பின்னாலிருந்து ஒளி வீசும் திரைகள்.

இவ்வளவு சொன்னபின் மின்மைத் திரையைத்தான் பரிந்துரைப்பேன் என்று நினைப்பீர்கள். தங்கள் தாயாருக்கு நான் பத்து அங்குல டேப்லெட்டைத்தான் சொல்வேன். காரணம் நம் மொழியின் அமைப்பில் இருக்கிறது. தமிழில் சொற்கள் நீளமானவை. “படித்துக்கொண்டிருந்தபோதெல்லாம்” என்ற ஒரே சொல்லை ஆறு அங்குலத் திரையில் பெரிய எழுத்தில் வைத்தால் ஒரு வரியே போதாது. வரிக்கு ஒரு சொல், இரண்டு சொல் என்று வந்தால் கண் ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அடிக்கடி பக்கமும் புரட்ட வேண்டும், அந்த அலுப்பிலேயே முதியவர்கள் கருவியைக் கீழே வைத்துவிடுவார்கள். நான் அறிந்த ஒரு வீட்டில் ஆறு அங்குலக் கருவி அப்படித்தான் பூஜை அலமாரிக்கு மேலே போய்ச் சேர்ந்தது. டேப்லெட்டில் பின்னணியைக் கறுப்பாகவும் எழுத்தை வெள்ளையாகவும் மாற்றிக்கொள்ளலாம், விழித்திரை பாதிப்பு உள்ளவர்கள் பலருக்கு அது இதமாக இருக்கும். வாங்குவதற்கு முன் கண் மருத்துவரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். கடையிலும் அவரையே கையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நூலைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கத்தைப் படமாகப் பிடித்துச் செய்த பிடிஎஃபில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கமே பெரிதாகிவிடும், வரி மடங்காது. எழுத்தாக உள்ளிடப்பட்ட மின்னூலில்தான் அளவை மாற்ற மாற்ற வரிகளும் தாமாக மாறி அமையும். அந்த வகை நூலைக் கைபேசியே உரக்கப் படித்துக் காட்டவும் முடியும். ஆண்ட்ராய்டு கருவிகளில் தமிழ்க் குரல் இருக்கிறது. குரலில் உணர்ச்சி இருக்காதுதான், ஆனால் பத்து நிமிடத்தில் காது பழகிவிடும்.

இது யாரும் இரங்கித் தரும் சலுகை அன்று. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் படிக்கும் வடிவில் ஒரு நூலை மாற்றிக்கொள்ளும் உரிமையை 2012-இல் திருத்தப்பட்ட நம் காப்புரிமைச் சட்டமே தருகிறது. இதற்கென உருவான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலாவதாக ஏற்று உறுதிசெய்த நாடும் இந்தியாதான். “சுகம்ய புஸ்தகாலயா” என்ற இணைய நூலகம் அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காகவே 2016-இல் தொடங்கப்பட்டது. உறுப்பினராவதற்கு என்ன சான்று வேண்டும் என்று விசாரித்துப் பாருங்கள்.

எங்கள் புலனக் குழுவில் புதிதாக வந்த தமிழ் நூல்களின் பிடிஎஃப் தினமும் பகிரப்படுகிறது. வாங்க வசதி இல்லாதவர்கள் படிப்பதில் என்ன தவறு என்கிறார்கள். தங்கள் கருத்து?
– வாசகர், தாம்பரம்

தவறுதான் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். தமிழில் பெரும்பாலான நூல்கள் சில நூறு பிரதிகளே அச்சாகின்றன. இப்போது தேவைக்கேற்ப ஐம்பது, நூறு என்று அச்சிட்டுக்கொள்ளும் முறையும் வந்துவிட்டது. அந்த நிலையில் முந்நூறு பேர் இருக்கும் ஒரு குழுவில் நூல் பகிரப்பட்டால், அந்தப் பதிப்பின் வாசகர்கள் முழுவதும் ஒரே இரவில் தீர்ந்துபோகிறார்கள் என்றே பொருள். அடுத்த நூலுக்குத் தாள் வாங்கப் பதிப்பாளரிடம் பணம் இருக்காது.

வசதி இல்லாதவர்கள் படிக்க முறையான வழி நிறையவே இருக்கிறது. இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த பிறகு அவருடைய எழுத்து பொதுச் சொத்தாகிறது. அதற்கு முன்பே தமிழ்நாடு அரசு பாரதியார் முதலான பலருடைய நூல்களை, உரியவர்களுக்குப் பரிவுத்தொகை கொடுத்து, நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்களைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். புதிய நூல்தான் வேண்டும் என்றால் கிளை நூலகத்தில் உறுப்பினராகிப் பெறலாம். இதையெல்லாம் அந்தக் குழுவிலேயே எழுதிப் போடுங்கள். கேட்பவர்கள் சிலராவது இருப்பார்கள்.

தாளில் வாங்கினால் நிலைத்திருக்கும் என்ற தொனியில் எழுதியிருந்தீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு அலமாரி நூல்களையும், 2023 மிக்ஜாம் புயலில் மிஞ்சியிருந்தவற்றில் பாதியையும் இழந்தவன் நான். தப்பியவற்றையும் பூச்சி தின்கிறது, தாள் பொடிந்து உதிர்கிறது. தாளின்மேல் உங்களுக்கு இருப்பது வெறும் பாசம் அல்லவா?
– வாசகர், வேளச்சேரி

பாசம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். தங்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. 2015-இல் சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர் வந்தது. கீழ்த்தட்டு நூல்களை நானும் பறிகொடுத்தவன்.

தாள் தானாகவே நிலைத்திருக்கும் பொருள் அன்று. கொல்லத்தில் 1578-இல் அச்சான 16 பக்க “தம்பிரான் வணக்கம்” ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இன்றும் இருக்கிறது. அதே வேளையில், நம் வீட்டில் உள்ள அறுபது ஆண்டு நூலின் மூலையை மடித்தால் ஒடிந்து கையோடு வருகிறது. நூலின் வயதைவிடத் தாளின் தரமே இதைத் தீர்மானிக்கிறது. மரக்கூழிலிருந்து மலிவாகச் செய்யப்பட்ட தாளில் லிக்னின் என்ற பொருள் தங்கிவிடுகிறது. மை ஊறிப் பரவாமலிருக்கப் படிகாரமும் பிசினும் கலக்கப்படுகின்றன. காலப்போக்கில் இவற்றிலிருந்து உண்டாகும் அமிலம் தாளை உள்ளிருந்தே அரிக்கிறது, சென்னையின் வெப்பமும் கடற்காற்றின் ஈரமும் அதை விரைவுபடுத்துகின்றன. இராமபாணப் பூச்சிக்கு அந்த ஈரமே விருந்து.

ஓலைச்சுவடிகளுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. செல்லரித்தவை போக, ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடப்பட்டவையும் உண்டு என்பதை உ.வே.சா. வேதனையோடு பதிவுசெய்திருக்கிறார். அவர் சுவடிகளைத் தேடி 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றியதால் அவை நம் கைக்கு வந்தன. யாழ்ப்பாணத்தில் 1981-இல் 97,000 நூல்களும் சுவடிகளும் நெருப்புக்கு இரையானபோது, வேறெங்கும் படி இல்லாதவை என்றென்றைக்குமாகப் போய்விட்டன. ஒரு நூலுக்கு ஒரே ஒரு படிதான் இருக்கிறது என்றால், அது ஓலையோ தாளோ வன்தட்டோ, பாதி தொலைந்ததாகவே கொள்ள வேண்டும்.

அதனால்தான் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும், 1992-இல் அவர் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகத்தால் பெறப்பட்டு, 1994-இல் சென்னையிலேயே நூலகமாக அமைக்கப்பட்டதை நான் பெரிய காரியமாகக் கருதுகிறேன். அங்கே தாளையும் காக்கிறார்கள், நுண்படமாகவும் மின்வடிவாகவும் படியெடுக்கிறார்கள். ஒன்றுக்கு ஒன்று துணை.

மின்வடிவில் ஏற்றிவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் இருக்க முடியாது. பழைய அச்சில் துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் இருப்பதால் எழுத்துணரி மென்பொருள் இரண்டையும் மாற்றி மாற்றிப் படிக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை வடிவங்களில் தடுமாறும். தட்டச்சு செய்தவர் ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துப் போட்டிருந்தால், கண்ணுக்கு “ஔவையார்” போலவே தெரிந்தாலும் தேடலில் அகப்பட மாட்டார். ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன் ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்த கோப்புகள் எத்தனையோ, இன்று திறந்தால் வெறும் குறிகளாகத்தான் தெரிகின்றன. யாராவது மெய்ப்புப் பார்க்க வேண்டும், புதிய வடிவுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுவடி பெயர்த்து எழுதிய வேலை இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான்.

தங்கள் கடிதத்தின் கடைசி வரியில், மிக்ஜாமில் நனைந்து ஒட்டிக்கொண்ட இரண்டு கட்டு நூல்கள் இன்னும் பரணில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றை எறிந்துவிடாதீர்கள். முதலில் முகக்கவசம் அணிந்து, காற்றோட்டமான நிழலில் வைத்து, காய்ந்த பூஞ்சையை மெல்லிய தூரிகையால் துடைத்தெடுங்கள். வழவழப்பான படத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயல வேண்டாம், கிழிந்துவிடும். சாதாரண தாளாயிருந்தால், மழுங்கிய பிளாஸ்டிக் அளவுகோலை ஓரத்திலிருந்து மெதுவாகச் செலுத்திப் பாருங்கள். இனி ஒரு வெள்ளம் வந்தால், நனைந்த நூலை வெயிலில் வைக்காமல், நிறுத்திவைத்துப் பக்கங்களை விசிறிபோல் சற்றே விரித்து, இடையிடையே அச்சிடாத வெள்ளைத் தாள் செருகி, மின்விசிறிக் காற்றில் உலரவிடுங்கள். இரண்டு நாள்களுக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும் என்பதால், ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பார்க்க முடியாவிட்டால், மிக அரியவற்றைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம்.

பிரிந்து வந்த பக்கங்களை உடனே கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். முதல் தாளையும் பின்தாளையும் விட்டுவிடாதீர்கள், பதிப்பாண்டும் அச்சகத்தின் பெயரும் அங்கேதான் இருக்கும். நூல்களின் பெயர்களை எனக்கு எழுதியனுப்புங்கள். அவற்றில் எது வேறெங்கும் இல்லை என்று இருவருமாகத் தேடிப் பார்ப்போம்.